பக்க விளக்கு வைத்த சின்ன டார்ச்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். முன்பக்கம் வழக்கமான டார்ச் வெளிச்சம். உடம்பின் ஓரத்தில் தனியாக ஒரு பக்க விளக்கு. அதில் வெள்ளை, சிவப்பு, சிலவற்றில் புற ஊதா என இரண்டு மூன்று நிறங்கள். ரோவிவான் நிறுவனத்தின் அரோரா வரிசையில் வந்த ஏ8 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று இதே அமைப்பில் பல விலைகளில், பல பெயர்களில் டார்ச்சுகள் வருகின்றன.

விற்பவர்கள் இவற்றை முன்பக்க லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) கணக்கைப் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் தினமும் பயன்படுத்துவதோ பெரும்பாலும் பக்க விளக்கை. கரண்ட் போன வீட்டில் மெழுகுவத்தி தேடவும், மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும், நடு இரவில் குழந்தைக்கு மருந்தை அளந்து ஊற்றவும் நூறு மீட்டர் பாயும் ஒளி தேவையில்லை. கை எட்டும் தூரத்தில், கண் கூசாமல், சீராகப் பரவும் ஒளி போதும். அதனால் இந்த வழிகாட்டியில் பக்க விளக்குக்குத்தான் அதிக இடம். முன்பக்க ஒளி அதற்குப் பிறகுதான்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு) அளக்கும் செயலி போட்ட மொபைல் ஒன்று, அளவு நாடா, வெள்ளைச் சுவர் உள்ள இருட்டறை, ஒரு 500 ரூபாய் நோட்டு, துவைத்த வெள்ளை வேட்டி. முடிந்தால் நீங்கள் ஏற்கெனவே நம்பிப் பயன்படுத்தும் வேறொரு டார்ச், ஒப்பிட உதவும்.

படி 1: வாங்கும் முன் பெட்டியில் உள்ள எண்களைக் கணக்குப் போடுங்கள்

டார்ச் உலகில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறை எஃப்.எல்.1 என்ற தரநிலை. அமெரிக்காவில் 2009-ல் அந்நாட்டுத் தர அமைப்பான ஆன்சி வழியாக வந்தது. இப்போது ப்ளேட்டோ என்ற டார்ச் துறைச் சங்கத்தின் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இதில் மூன்று விஷயங்கள் தெரிந்தால் விளம்பரத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

முதலாவது, லூமன் எப்போது அளக்கப்படுகிறது என்பது. டார்ச்சைப் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளந்தால் போதும். மூன்றாவது நிமிடத்தில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் அந்த எண் பொய்யாகாது.

இரண்டாவது, ஓடும் நேரம். 30-ஆவது விநாடியில் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம்தான் அது. "500 லூமன், 90 நிமிடம்" என்று போட்டிருந்தால் 90 நிமிடமும் 500 லூமன் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. முதல் ஒன்றிரண்டு நிமிடம் 500, பிறகு நெடுநேரம் 60, 70 என்று இருந்தாலும் அந்தக் கணக்கு சரிதான்.

மூன்றாவது, தூரம். ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடத்தை, அதாவது கிட்டத்தட்ட முழுநிலவு வெளிச்சம் அளவுக்குக் குறையும் இடத்தை, டார்ச் எட்டும் தூரம் என்கிறார்கள். அங்கே நிற்கிற ஆள் யார் என்று உங்களால் சொல்ல முடியாது. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பதால், பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருந்தால் 50 மீட்டரில் 1 லக்ஸ் கிடைக்கும். நடைமுறைக்கு அந்தப் பாதித் தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. பேட்டரியின் மில்லியாம்பியர் மணியை (mAh) லித்தியம் பேட்டரியின் வோல்ட் அளவான 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் மணி வரும். இவ்வளவு சின்ன டார்ச்சில் 330 மில்லியாம்பியர் மணி பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 1.2 வாட் மணி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், மொத்தக் கையிருப்பு 120 லூமன் மணிதான். அப்படியானால் 650 லூமனைத் தொடர்ந்து கொடுக்க 11 நிமிடம்; 100 லூமன் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்; 15 லூமன் பக்க விளக்கு என்றால் 6 முதல் 8 மணி நேரம். பெட்டியில் இருக்கும் எண் இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்த பிறகான நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள், இல்லையென்றால் இல்லாததைச் சொல்கிறார்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே மலிவு விலை டார்ச்சுகளில் "10,000 லூமன்" என்று எழுதியிருப்பவை கழிந்துவிடும்.

இன்னொன்று: 300 லூமனுக்கும் 400 லூமனுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு இருமடங்கு பிரகாசமாகத் தெரிய ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். அந்தப் பணத்துக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்.இ.டி. கிடைத்தால் அதை வாங்குங்கள்.

படி 2: கைக்கு வந்ததும் முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள்

திருப்பித் தரும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் திருப்பித் தரவேண்டி வரக்கூடிய குறைகளை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

டைப் சி துளை இருப்பதால் எல்லா டைப் சி சார்ஜரும் சேரும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனையிலும் டைப் சி உள்ள கேபிளைக் கொண்டு மொபைல் சார்ஜரில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால், ஏற்கும் பக்கத்தில் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டிருக்கலாம். பழைய, ஒரு முனை அகலமான கேபிளில் மட்டும்தான் அது சார்ஜ் ஆகும். வீட்டில் அந்தக் கேபிள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, பயணத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

அப்புறம் பவர் பேங்க். சில பவர் பேங்குகள் இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால் எதுவும் மாட்டப்படவில்லை என்று எண்ணி அணைந்துவிடும். இவ்வளவு சின்ன பேட்டரி நிறையும் தருவாயில் இழுப்பது கொஞ்சம்தான். உங்கள் பவர் பேங்கில் மாட்டி, பச்சை விளக்கு எரியும் வரை போகிறதா என்று பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் பவர் பேங்கோடு ஒத்துப்போகும் டார்ச்சுக்கு உள்ள மதிப்பே வேறு. 10,000 மில்லியாம்பியர் மணி பவர் பேங்கில் இழப்பு போகவும் இந்தச் சின்ன பேட்டரியைப் பதினைந்து முறைக்கு மேல் நிரப்பலாம்.

சார்ஜ் ஏறும்போது டார்ச் எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால் பவர் பேங்கோடு சேர்த்து இரவு முழுக்க எரியும் விளக்காக்கிக்கொள்ளலாம்.

படி 3: பக்க விளக்கு

இங்கே நிதானமாக நேரம் கொடுங்கள். ஒரே நாளில் முடிக்காமல், இரண்டு மூன்று இரவு வெவ்வேறு வேலைக்குப் பயன்படுத்திப் பாருங்கள்.

முதலில் அது எந்தத் திசையைப் பார்க்கிறது, கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. பக்க விளக்கும் கிளிப்பும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கம் இருந்தால்தான், டார்ச் வெளியே தொங்கும்படி கிளிப்பைச் சட்டைப் பையில் செருகும்போது ஒளி முன்னால் போகும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் ஒளி உங்கள் நெஞ்சிலேயே விழும். கிளிப் 90 டிகிரி தள்ளி இருந்தால் ஒளி பக்கத்தில் நடப்பவர் மேல் விழும். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

சட்டைப் பையில் செருகி வீட்டுக்குள் நடந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் தெரிகிறதா? விளிம்பு வழியாக ஒளி மேலே கசிந்து உங்கள் கண்ணில் படுகிறதா? ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடம்பு என்றால் உடம்பு முழுக்கவே மின்னும். அழகாக இருந்தாலும் அந்தக் கசிவு இருட்டில் கண்ணைக் கூசவைக்கும். பிறகு தொப்பி விளிம்பில் மாட்டுங்கள். டார்ச் விளிம்போடு படுத்திருக்க, பக்க விளக்கு கீழே பார்க்க வேண்டும். இரு கையும் விட்டு வேலை செய்ய இதைவிட வசதி கிடையாது. பஞ்சர் பார்க்க, மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறக்க இது ஒன்றே போதும்.

அடுத்து மேசையில் படுக்கவைத்துப் பாருங்கள். உருண்டையான உடம்பு உருண்டு ஓடும். தட்டையான பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும். வாலில் காந்தம் இருந்தால் பீரோவிலும் ஜன்னல் கம்பியிலும் ஒட்டி, விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காந்தம் பற்றி ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தம் உள்ள எந்தப் பொருளையும் அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். நம் சட்டைப் பை இடப்பக்கம். பேஸ்மேக்கரும் பெரும்பாலும் இடப்பக்கம்தான். அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் காந்தம் இல்லாத டார்ச்சாகப் பாருங்கள்.

இனி ஒளி. வெள்ளைச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பக்க விளக்கைக் காட்டுங்கள். நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் நிழல் கோடுகள் என்று தெரிந்தால் முன்னால் இருக்கும் ஒளி பரப்பும் தகடு சரியில்லை. விளிம்பு வரை மெதுவாகக் குறைந்துகொண்டே போவதுதான் நல்ல பக்க விளக்கு. புத்தகத்தை 40 சென்டிமீட்டரில் வைத்துப் படித்துப் பாருங்கள். 10 லூமன் பரவலாக விழுந்தால் அந்தத் தூரத்தில் சுமார் 20 லக்ஸ் கிடைக்கும். எழுத்து தெரியும், ஆனால் நெடுநேரம் படிக்கக் கண் வலிக்கும். 40 லூமன் இருந்தால் 80 லக்ஸ், அது வசதி. அதனால் பக்க விளக்கின் உச்சம் 30, 40 லூமன் இருக்கட்டும். அதைவிட முக்கியம் அதன் அடிமட்டம். 1 லூமனோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். குழந்தை தூங்கும் அறையில் அதன் முகத்தில் ஒளி படாமல் போர்வையைச் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் இதற்குப் பரீட்சை. நிறைய டார்ச்சுகளில் பக்க விளக்குக்கு ஒரே அளவுதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு 30 லூமன்கூட முகத்தில் அறைகிற வெளிச்சம்.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று பாருங்கள். சி.ஆர்.ஐ. என்ற எண் 90-க்கு மேல் இருந்தால் நல்லது. முன்பக்கத்துக்கு நிச்சியா நிறுவனத்தின் நல்ல எல்.இ.டி.யைப் போட்டுவிட்டு, பக்க விளக்குக்கு ஏதோ ஒரு நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யைப் பொருத்துவது இந்த வகையில் சகஜம். விளம்பரத்தில் சொல்லும் சி.ஆர்.ஐ. முன்பக்கத்துக்கானது மட்டும்தானா என்று கேளுங்கள். சோதிப்பது எளிது: உள்ளங்கையில் காட்டுங்கள். நல்ல ஒளியில் கை ரத்த ஓட்டத்தோடு தெரியும். மோசமான ஒளியில் சாம்பல் பூசியது போல் வெளிறித் தெரியும். மாத்திரை அட்டைகளை அடையாளம் காணவும், காயம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்க்கவும் இந்த வித்தியாசம் உண்மையிலேயே உதவும்.

மங்கலான அளவில் வைத்து மொபைலின் ஸ்லோ மோஷன் வீடியோவில் பதிவு செய்யுங்கள். வீடியோவில் பட்டை பட்டையாக ஓடினாலோ விட்டு விட்டு எரிந்தாலோ, எல்.இ.டி.யை வேகமாக அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். மொபைல் இல்லாமலும் பார்க்கலாம்: குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு ஒளியைக் காட்டினால், மோசமான டார்ச்சில் தாரை தனித்தனித் துளிகளாக நின்று தெரியும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கண்ணை அசைக்கும்போதே துடிப்பு தெரிந்தால் தலைவலி வரும், அந்த டார்ச் வேண்டாம்.

சிவப்பு ஒளிக்கு வருவோம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை ஒளி அதைக் கெடுத்துவிடும். மங்கிய ஒளியைப் பார்க்க உதவும் செல்களுக்கு நீண்ட அலைநீளச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால்தான் வானம் பார்ப்பவர்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிவப்பும் மங்கலாக இருந்தால்தான் பயன். பளீரென்று எரியும் சிவப்பு, மங்கலான வெள்ளையைவிடக் கெடுதல். 620 நானோமீட்டருக்கு மேல் உள்ள சிவப்பு எல்.இ.டி.யா, வெள்ளை எல்.இ.டி. மேல் சிவப்புப் பிளாஸ்டிக் ஒட்டியதா என்று பாருங்கள். பச்சை நிறப் பொருளைக் காட்டினால் உண்மைச் சிவப்பில் அது கறுப்பாகத் தெரியும். பச்சையின் சாயல் தெரிந்தால் அது ஒட்டு வேலை. சென்னைக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவு நடை போகிறவர்கள் சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட வேண்டாம். அழைத்துப் போகும் தொண்டர்கள் சொன்னால் மட்டும் போடுங்கள்.

சிவப்பு ஒளியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வரப்பிலும் புதர் ஓரத்திலும் இரவில் நடக்கச் சிவப்பு கூடாது. அதில் நிற வேறுபாடு செத்துவிடும். சருகுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியனை வெள்ளை ஒளியில் அதன் உடல் வளையங்களை வைத்துக் கண்டுகொள்ளலாம். சிவப்பில் அது சருகோடு சருகு. மின்சார வேலைக்கும் கூடாது. நம் மும்முனை இணைப்புகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒயர்கள் வரும். சிவப்பு ஒளியில் சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும், நீலம் கறுத்துப்போகும். பம்ப்செட் அறையில் இதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். வீட்டில் மூன்று நிற நூலை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சிவப்பில் விட்டு விட்டு எரியும் முறை இருந்தால் அது சாலைக்கு. சைக்கிளிலோ நடந்தோ போகும்போது பின்பக்கம் இடுப்பில் மாட்டி, வீட்டில் ஒருவரை 100 மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நேர் பின்னாலிருந்து மட்டும் இல்லாமல் சாய்வாக நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.

புற ஊதா இருந்தால் எத்தனை நானோமீட்டர் என்று கேளுங்கள். 365 என்றால் கண்ணுக்கு ஒளியே பெரிதாகத் தெரியாது, ஒளிர வேண்டிய பொருள் மட்டும் ஒளிரும். 395 என்றால் எல்லாமே ஊதா நிறத்தில் குளிக்கும். அந்த ஊதா வெளிச்சத்திலேயே நுட்பமான ஒளிர்வு மறைந்துவிடும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாவில் நீலமாக ஒளிரும் என்பதால் வெள்ளை வேட்டியில் அடித்தால் விளக்கு வேலை செய்கிறதா என்பது உடனே தெரியும். அடுத்து 500 ரூபாய் நோட்டு. எண் அச்சிட்ட இடம் ஒளிரும், தாளுக்குள் கலந்திருக்கும் சின்னச் சின்ன நூலிழைகள் நிறத்தோடு மின்னும். தாள் மட்டும் மந்தமாகவே இருக்கும். தாளே வேட்டி மாதிரி நீலமாக மின்னினால் அந்த நோட்டைச் சந்தேகப்படலாம். கடை வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே இந்த டார்ச்சை வாங்கக் காரணமாகலாம்.

கிராமத்து வீடுகளில் இன்னொரு பயன் உண்டு. தேளின் மேல்தோல் புற ஊதாவில் பச்சை நீலமாக ஒளிரும். விறகு அடுக்கு, செருப்பு வைக்கும் மூலை, மழைக்குப் பின் கொல்லைப்புறம் என்று இரவில் ஒரு சுற்று அடித்துப் பாருங்கள், நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். தோல் உரித்த கையோடு இருக்கும் தேள் மட்டும் சில நாள் ஒளிராது. அதனால் எதுவும் ஒளிரவில்லை என்பதற்காகக் கையை விட்டுத் துழாவ வேண்டாம். புற ஊதாவை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. வெள்ளைப் பக்க விளக்கைப் போட, நடுவில் புற ஊதாவைக் கடந்துதான் போக வேண்டும் என்று பட்டன் வரிசை அமைந்திருந்தால் அது பெரிய குறை. வீட்டில் குழந்தை இருந்தால் திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணம்.

படி 4: முன்பக்க ஒளி

இருட்டறையில் 5 மீட்டர் தள்ளி மொபைலை நிறுத்தி, ஒளிக்கற்றையின் மையத்தை அதன் ஒளி உணரியில் விழ வையுங்கள். ஆண்ட்ராய்டு மொபைல்களில் அது திரைக்கு மேலே ஓரத்தில் இருக்கும். வரும் லக்ஸ் எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒரு திசையில் பாயும் ஒளியின் வலிமை. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எஃப்.எல்.1 தூரம் மீட்டரில். 100 லக்ஸ் வந்தால் 2500 கேண்டெலா, அதாவது 100 மீட்டர். மொபைல் உணரி துல்லியமானது இல்லை. அதனால் ஏற்கெனவே தெரிந்த டார்ச்சையும் அதே இடத்தில் அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். விகிதத்தை நம்பலாம்.

இவ்வளவு சின்ன தலையிலிருந்து பெரிய தூரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 20, 30 மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்து, காலடியிலும் பரவலாக ஒளி விழுந்தால் நடக்கப் போதும். சுவரில் அடித்துப் பார்க்கும்போது பச்சைச் சாயல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். குறைந்த வெளிச்சத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

படி 5: சூடும் ஓடும் நேரமும்

டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிறுத்துங்கள். மொபைலைச் சில அடி தள்ளி மேசையில் வைத்து, இரண்டையும் அசைக்காமல், முழு வெளிச்சத்தில் போடுங்கள். 30-ஆவது விநாடியில் வரும் லக்ஸை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, முதல் 5 நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். ஒரு தாளில் கோடாக வரைந்தால் டார்ச்சின் உண்மையான குணம் தெரியும்.

நல்ல டார்ச் சூடானதும் ஒரு படி இறங்கி, அங்கேயே நெடுநேரம் நிலையாக நிற்கும். சரியில்லாதது விட்ட இடத்திலிருந்து சரிந்துகொண்டே போகும். 20, 30 கிராம் எடையுள்ள உடம்பால் அவ்வளவு சூட்டைத் தாங்க முடியாது என்பதால் வெளிச்சம் இறங்குவது குறை இல்லை. இறங்காமல் கையைச் சுடுவதுதான் குறை. பிளாஸ்டிக் உடம்பு இன்னும் மோசம். அலுமினியம் சூட்டை வெளியே கொண்டு வரும், நம் கை அதை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உள்ளேயே வைத்துக்கொள்ளும். சித்திரை வெயில் காலத்தில் மின்விசிறி இல்லாமல் ஒரு முறையும், மார்கழியில் ஒரு முறையும் இதைச் செய்தால் இரண்டு கோடுகள் வரும். நமக்குக் கணக்கு வெயில் காலக் கோடுதான்.

இதே சோதனையைப் பக்க விளக்குக்கும் செய்யுங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் அளந்து வெளியிடுவதில்லை. கூரையில் அடித்தால் லக்ஸ் போதாது என்பதால் மொபைலுக்கு நேராக அரை மீட்டரில் வைத்து அளக்கலாம். மாலை 6 மணிக்குப் போட்ட விளக்கு சாப்பாடு, பாத்திரம், படுக்கை எல்லாம் முடிந்து இரவு 11 வரை மங்காமல் நின்றால் வீட்டுக்குப் போதும். பேட்டரி முடியும்போது எப்படி அணைகிறது என்று பார்த்து வையுங்கள். மங்கி மங்கி எச்சரித்து அணைவது நல்லது. சட்டென்று அணைவது மாடிப்படியில் ஆபத்து.

படி 6: பட்டன்

டார்ச்சைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இருட்டில் கொடுத்து, "போடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டியோ பத்து வயதுப் பிள்ளையோ. கண் கூசும் வெளிச்சம் வராமல், ஒன்றிரண்டு அழுத்தத்தில் ஏதோ ஒரு நல்ல வெளிச்சம் வந்தால் தேர்ச்சி. நான்கு முறை அழுத்தினால் சிவப்பு, மூன்று முறை அழுத்திப் பிடித்தால் புற ஊதா என்பதெல்லாம் வாங்கியவருக்கு மட்டுமே நினைவிருக்கும். அணைந்த நிலையிலிருந்து நேராகப் பக்க விளக்குக்குப் போக ஒரு குறுக்குவழி இருக்க வேண்டும், கடைசியாக வைத்த நிறத்தையும் அளவையும் அது நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத டார்ச்சை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாக்கெட்டில் தானாக எரிந்துவிடுவது இந்த வகையின் தீராத நோய். சாவியோடும் சில்லறையோடும் பேன்ட் பையில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். பட்டன் உடம்போடு சமமாகவோ கொஞ்சம் உள்ளடங்கியோ இருந்தால் தப்பும். பூட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முழு வெளிச்சத்தில் தானாக எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சுடலாம்.

படி 7: மழையும் தரையும்

தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்பதை ஐ.பி. எண் சொல்லும். ஐ.பி.எக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கத்துச் சாரலையும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். செம்மண் புழுதியிலும் கடற்கரை மணலிலும் இருப்பவர்கள் ஐ.பி.68 போல இரண்டு எண்ணும் உள்ளதைத் தேடுங்கள். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்குதான் பலவீனமான இடம். விரலால் மூடித் திறந்து பாருங்கள். தளர்வாக இருந்தால் மழைக்கு நம்ப முடியாது. வீட்டில் சோதிக்கக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டினால் போதும். மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே கீழே போட்டுச் சோதிக்க வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். சாவி வளையம் மாட்டும் காது பிளாஸ்டிக்கா உலோகமா என்பது அதைவிட முக்கியம். பிளாஸ்டிக் காது உடைந்தால் டார்ச் எங்கே விழுந்தது என்றே தெரியாது.

படி 8: பேட்டரியின் நாட்கள்

முழுதாகச் சார்ஜ் செய்து, பூட்டி, மூன்று நான்கு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு படி 5-ல் போட்ட கோட்டை மறுபடி வரையுங்கள். ஓடும் நேரம் வெகுவாகக் குறைந்திருந்தால் அணைந்த நிலையிலும் சுற்று பேட்டரியைத் தின்கிறது. அவசரத்துக்கு என்று எடுத்துவைக்க அது ஆகாது.

கழற்ற முடியாத பேட்டரி சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு தேயும், அதோடு டார்ச்சும் முடிந்தது. பல வருடம் வைத்திருக்க நினைத்தால் கழற்றி மாற்றக்கூடிய 14500 அல்லது 16340 அளவு (இவை பேட்டரியின் அளவைக் குறிக்கும் எண்கள்) பேட்டரி போடும் டார்ச்சாகப் பாருங்கள். கொஞ்சம் கனமாகும், ஆனால் ஆயுள் கூடும். தனியாக பேட்டரி வாங்கும்போது அதில் இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 16046 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் போகும்போது தனி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் எந்த லித்தியம் டார்ச்சையும் விட்டுப் போகாதீர்கள். சூடாக இருக்கும்போது உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது இந்த பேட்டரிகளுக்கு ஆகாது. ஒளி ஊடுருவும் உடம்பில் ஒரு நன்மை உண்டு. உள்ளே பேட்டரி எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். தட்டையாக இருந்தது உப்பத் தொடங்கினாலோ, உடம்பின் இணைப்புக் கோடு விரிந்தாலோ சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்தி, குப்பைத்தொட்டியில் வீசாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.